நிலத்தடி நீருக்கு ஓர் ஊர்க்கணக்கு



ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கரையில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். அணையின் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை யார் பார்த்தது? போர் ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடுகிறோம். நின்றுபோனால் கடன் வாங்கி இன்னும் ஆழமாகத் துளைக்கிறோம். பக்கத்து வயல்காரரும் அதையே செய்கிறார். இருப்பு தெரியாமலேயே செலவு செய்கிறோம்.

இதற்குக் கைகொடுக்கத்தான் நீரியல் அறிஞர்கள் கணக்கீட்டுக் கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழையில் ஓடையில் ஓடியது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு என்று கணினி கணக்கிடுகிறது. இந்தப் பயிரை வைத்தால் என்ன ஆகும், மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே காட்டுகிறது. முடிவெடுப்பவர்கள் மனிதர்கள்தான். கருவி அவர்களுக்குத் துணை நிற்கிறது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகை 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. கடும் வறட்சி நிலவிய 2007, 2008 ஆண்டுகளில் அந்நாட்டின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் சேர்த்துப் படுகை முழுவதையும் கணினி மாதிரிகளால் ஆராய்ந்தது. பெரும் உழைப்பு அது. 2010 அக்டோபரில் படுகை ஆணையம் ஒரு வழிகாட்டி ஆவணத்தை வெளியிட்டது. எடுக்கும் தண்ணீரை ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 ஜிகாலிட்டர் வரை குறைக்க வேண்டும் என்றது அது. ஒரு ஜிகாலிட்டர் என்பது 100 கோடி லிட்டர். கிரிஃபித் நகரில் திரண்ட பாசன விவசாயிகள் அந்த ஆவணத்தின் பிரதிகளை எரித்தார்கள். தண்ணீர் குறையுமே என்ற அச்சம் ஒரு பக்கம், எங்களைக் கேட்காமல் எங்கள் பிழைப்பைக் கணக்குப் போட்டுவிட்டார்களே என்ற கோபம் மறுபக்கம். இரண்டு ஆண்டுப் பேச்சுகளுக்குப் பிறகு, 2012-இல் 2,750 ஜிகாலிட்டர் என்ற அளவோடு திட்டம் சட்டமானது.

இப்போது நமக்கு மிக அருகில், அனந்தபூருக்கும் சித்தூருக்கும் வாருங்கள். ஆந்திர விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று 2003-இல் அங்கே தொடங்கியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உறுதுணையாக இருக்க, தொண்டு நிறுவனங்கள் களத்தில் நின்றன. அப்போதைய ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில், 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் இது நடந்தது.

அங்கே அளந்தவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர் ஆண்களும் பெண்களும்தான். மழைமானியைப் பார்த்துத் தினமும் மழையைக் குறித்தார்கள். தேர்ந்தெடுத்த கிணறுகளில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்தார்கள். போரிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதையும் தாங்களே அளந்தார்கள். அளந்ததை எல்லோரும் பார்க்கும்படி ஊர்ப் பலகையில் எழுதினார்கள். பருவமழை முடிந்து, ரபி பருவம் தொடங்கும் முன் கூடி உட்கார்ந்தார்கள். இவ்வளவு பெய்தது, இவ்வளவு இறங்கியது, நாம் நினைத்திருக்கும் பயிர்களுக்கு இவ்வளவு வேண்டும், மிச்சமா, பற்றாக்குறையா? வீட்டு வரவு செலவு போலத்தான் இதுவும்.

அந்தக் கணக்கை நாமும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஓர் ஊரின் நீர்ப்பிடிப்பு 1,000 ஏக்கர், மழை 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வன்பாறை நிலத்தில் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். அப்படியானால் 50 மில்லிமீட்டர், அதாவது 20 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். மொத்த இருப்பும் ஏறத்தாழ 40 ஏக்கர் நெல்லோடு முடிந்துவிடும்! நிலக்கடலைக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் போதும். அதே தண்ணீரில் 100 ஏக்கர் கடலை விளையும். குடிக்கவும் மாடுகளுக்கும் வேண்டியதை இதிலிருந்துதான் முதலில் ஒதுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவருக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அந்த ஆந்திரத் திட்டத்தில் தடை இல்லை, அபராதம் இல்லை, நெல் வைக்காதே என்ற உத்தரவும் இல்லை. ஆனாலும் பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கு மாறினார்கள். உலக வங்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, திட்டத்தின் நீரியல் அலகுகளில், அதாவது சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், 42 சதவீதம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரபி பருவத்தில் எடுக்கும் தண்ணீரைக் குறைத்தன. 51 சதவீதம் இடையிடையே குறைத்தன. கூடியது 7 சதவீதத்தில் மட்டுமே.

நிலத்தின் இயல்பும் இதற்கு உதவியது. வன்பாறையில் தண்ணீர் பெரிதாகத் தேங்காது. நல்ல மழை பெய்தால் மட்டம் ஏறும், அதிகம் இறைத்தால் அடுத்த கோடைக்குள் காட்டிக்கொடுத்துவிடும். தான் செய்ததன் பலனை அதே ஆண்டில் தன் கிணற்றிலேயே விவசாயி பார்த்துவிடுகிறார். தமிழ்நாட்டின் நிலப்பரப்பிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதே வன்பாறைதான். தர்மபுரிக்கும் திருப்பத்தூருக்கும் சேலத்துக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

ஊர்மக்கள் தண்ணீர்க் கணக்குப் போடும் முறையை 2019-இல் மத்திய அரசு தொடங்கிவைத்த அடல் பூஜல் நிலத்தடி நீர்த் திட்டமும் எடுத்துக்கொண்டது. அது 7 மாநிலங்களில் தொடங்கியது. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. அதனால் நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கணினி மாதிரிகள் வேண்டும்தான், செயற்கைக்கோள் படங்களும் வேண்டும். பாறையின் தன்மையையும் நீர் இறங்கும் அளவையும் நிலவியல் வல்லுநர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் சொல்வதோடு ஊர்மக்கள் அளந்த எண்களும் சேர்ந்தால், அந்தக் கணக்கை ஊர் தன் கணக்காக ஏற்றுக்கொள்ளும்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்கிறது. ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. கோடைப் பயிர் என்ன என்று முடிவு செய்ய அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஒரு மழைமானி, நாலைந்து கிணறுகள், ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் தொடங்கிவிடலாம். பள்ளி மாணவர்கள் மழையைக் குறிக்கட்டும். கிணற்றுக்காரர்கள் மட்டத்தைச் சொல்லட்டும். வரும் கிராம சபையில், ஊரின் தண்ணீர் இருப்பு எவ்வளவு என்ற கேள்வியை நீங்கள் எழுந்து கேளுங்கள். பதில் இல்லை என்றால், அன்றிலிருந்தே அளக்கத் தொடங்குவோம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.