மூல ஓலை எங்கே?

(தலைப்பு: தேர்தல் சீர்திருத்தத்தில் முதலில் கைவைக்க வேண்டியது பணத்திலா, பட்டியலிலா? "பட்டியலில்தான்" என்ற அணிக்காக திருவெண்ணெய்நல்லூர் மேடையில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எதிரணியில் பணக்கட்டோடு, மன்னிக்கணும், பணத்தைப் பற்றிய குறிப்புக் கட்டோடு அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) 

இந்த ஊருக்கு வந்தால் எல்லோரும் கம்பனை ஆதரித்த சடையப்ப வள்ளலில் ஆரம்பிப்பார்கள். நான் இந்த ஊர்ச் சபையில் நடந்த ஒரு வழக்கில் ஆரம்பிக்கிறேன். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்கிறார். கையில் ஓலை. சுந்தரருக்குக் கோபம் வந்தது, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. "நீ கிழிச்சது படியோலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ல இருக்கு, வா" என்றார். சபை கூடியது. பாட்டனார் எழுதியதாகச் சொன்ன அந்த ஓலையை, அவர் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள்.

வந்தவர் சிவபெருமான் என்பது நமக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. ஆண்டவனே வாதியாக வந்தாலும், "ஐயா, மூல ஓலை எங்கே?" என்று அவரைத்தான் கேட்டார்கள். சுந்தரரைப் பார்த்து, "நீ அடிமை இல்லேன்னு நீயே நிரூபிச்சுக்கோ" என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

எதிரணித் தலைவர் பணத்தைப் பற்றி அழகாகப் பேசினார். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பணத்தால் ரத்து. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. சட்டமன்ற வேட்பாளருக்கு 2022இல் 40 லட்சம் என்று வரம்பு போட்டார்கள். ஆனால் கட்சி செலவு செய்தால் அதற்கு வரம்பே இல்லை. வேலிக்குக் கதவு போட்டுவிட்டு வேலியையே போடாமல் விட்ட கதைதான். தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் செல்லாது என்றது, நல்லதுதான். உத்திரமேரூரையும் சொன்னார். 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது, அவன் உறவுக்காரன் பெயரும் போகக்கூடாது! இன்றைய சட்டம் செலவுக் கணக்குத் தராதவரை மட்டும்தான் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யும், மாமன் மச்சானை விட்டுவிடும். (கைதட்டல்)

சரி, நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகலாம்? சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70. வயலில் நாற்று நட்டவளின் பெயர் எந்த ஓலையில் இருந்தது? குடம் சுத்தமாகத்தான் இருந்தது. ஊரில் பாதிக்கு மேல் குடத்துக்கு வெளியே நின்றது.

பணம் வாங்கினவன் உள்ளே போய் மனசுக்குப் பிடிச்ச சின்னத்தில் குத்தலாம். அவனுக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவில் யாரும் இல்லை. பெயரே இல்லாதவன் பள்ளிக்கூட வாசலோடு சரி. பணம் வாக்கைக் கெடுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் வாக்கையே இல்லாமல் ஆக்கிவிடுகிறதே!

முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் ஏறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வடமாநிலத்துக்காரர்கள். ஏன் தெரியுமா? "இன்னார் மனைவி, இன்னார் அம்மா" என்று எழுதிக் கொடுத்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று எடுத்துவிட்டார். அவர் செய்தது விதிப்படி சரி. கூச்சப்பட்டதற்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை ஒரு தேர்தல்.

2025 நவம்பரில் நம் மாநிலத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் இருக்கிறார்கள், அவற்றை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பகுதி "முகவரியில் இல்லை, குடிபெயர்ந்தார்" என்ற கணக்கு. நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தை நினைச்சுப் பாருங்க. கரும்பு வெட்டப் போனவன், செங்கல் சூளைக்குப் போனவன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். படிவம் வரும்போது வீடு பூட்டியிருந்தால் அவன் ஊரை விட்டே போய்விட்டான் என்று அர்த்தமா? பொங்கலுக்கு வருவானய்யா! (கைதட்டல்)

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2011 சட்டமன்றத் தேர்தல். முந்தின ராத்திரி ஒருவர் உறை கொண்டுவந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், நடுவர் பயப்பட வேண்டாம். (சிரிப்பு) "இந்த வீட்ல மூணு ஓட்டு" என்று சரியாகச் சொன்னார். அம்மா வாங்கவில்லை, திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார். காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, வரிசையில் நின்றோம். அம்மா பெயர் மேல் "நீக்கம்" என்று குறுக்கே அச்சடித்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அப்பா பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது!

அம்மா கேட்டார்: "ஏன்டா கண்ணு, நான் செத்துட்டேன்னு எழுதியிருக்காங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. வாய்ப்பேச்சிலேயே பிழைக்கிறவன் நான். அப்புறம் அவரே சொன்னார்: "உங்கப்பாவுக்கு இந்த ஊர்ல எப்பவுமே என்னை விட மரியாதை ஜாஸ்தி." (சிரிப்பு) சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வீடு வருகிற வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிரணியினரே, பணம் கொண்டுவந்தவனின் கணக்கில் என் தாய் உயிரோடு இருந்தாள். அரசாங்கத்தின் கணக்கில் இல்லை. பணத்தை ஒழிக்க ஆயிரம் பறக்கும் படை விடுங்கள், அந்த ஒரு வாக்கு திரும்பி வருமா?

இப்போது மூல ஓலைக்கு வருகிறேன். 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர் முறைப்படி சேர்க்கப்பட்டவர் என்றே கொள்ள வேண்டும், எடுப்பதற்கு முன் அவருக்குத் தகவல் தந்து கேட்க வேண்டும். இந்த ஊர்ச் சபை செய்ததும் அதுதானே? நீக்க வருகிறவன் ஓலை காட்டட்டும்! 2022க்குப் பிறகு 18 வயதானவரைச் சேர்க்க ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் தருகிறார்கள். சேர்க்க நான்கு நாள் தருகிறவர்கள், நீக்குமுன் ஒரு நாள் வந்து கதவைத் தட்டக் கூடாதா?

அம்மாவுக்கு மறுபடி படிவம் 6 எழுதிக் கொடுத்து, 2014இலும் 2016இலும் வாக்குப் போட்டார். பிறகு காலமானார். பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவன், என் வீட்டிலேயே தப்பு இருக்கக் கூடாது என்று நானே படிவம் 7 எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தவர் நல்ல மனிதர். "சார், இறப்புச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "போன தடவை எடுத்தப்போ இதை யாரும் கேக்கலைங்க."