விழாவுக்குச் சின்னம் எது?

(கவிதை விழா ஏற்பாட்டுக் குழுவினரின் கூட்டத்தில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



நமது கவிதை விழாவுக்குச் சின்னமொன்று வேண்டுமெனத் தீர்மானித்திருக்கிறீர்கள். ஓவியர் வரைந்த மூன்று படங்கள் மேசைமீது இருக்கின்றன. ஒன்றில் யாழ், மற்றொன்றில் ஏடும் எழுத்தாணியும், மூன்றாவதிற் குத்துவிளக்கு. மூன்றும் அழகியவையே. ஆனால், சான்று கேட்பது என் தொழில். இவை எதற்குச் சான்று? நகைக்கடைப் பலகையில் வைத்தாலும் பொருந்தும். கூட்டுறவுச் சங்கத்துக்கு வைத்தாலும் பொருந்தும். எங்கும் பொருந்துவது எவருக்கும் உரியதன்று.

ஆங்கிலேயருக்கு அயலில் வாழும் வேல்ஸ் மக்களைப் பாருங்கள். ஐஸ்டெத்வொட் எனப்படும் அவர்களது கவிதைப் பெருவிழாவின் வேர், 1176ஆம் ஆண்டில் கார்டிகன் கோட்டையில் றீஸ் என்னும் சிற்றரசர் கூட்டிய அவை என்பர். சிறந்த புலவருக்கு அன்று கிடைத்தது ஒரு நாற்காலி. இன்றும் பரிசு நாற்காலியே.

அவர்களுக்கு மூன்று கதிர்களாலான குறியும் ஒன்றுண்டு. அதனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய இயோலோ மோர்கனக் என்னும் புலவர், அது மிகத் தொன்மையானதெனச் சாதித்தார். அவரது கற்பனையே அதுவென்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் நிறுவினர். அப் பிழை நமக்கு வேண்டா. இன்று பிறந்ததை இன்று பிறந்ததென்றே சொல்வோம்.

நாற்காலியின் கதை வேறு. 1917 செப்ரெம்பரில் பேர்க்கன்ஹெட் நகரில் விழா நடந்தது. பரிசுபெற்ற கவிஞரைப் புனைபெயரால் மும்முறை அழைத்தனர். எவரும் எழவில்லை. ஹெத் வின் என்னும் அக் கமக்காரர் மகன், ஆடு மேய்த்துக் கவிபாடிய இளைஞர், யூலை 31ஆம் நாளே பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். வெற்று நாற்காலிமீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அதனைச் செதுக்கியவரோ பெல்ஜியத்திலிருந்து வந்த அகதி! அந்த நாற்காலி இன்றும் கவிஞர் வளர்ந்த பண்ணைவீட்டில் இருக்கிறது. துயரத்தைச் சொல்ல அன்று தனிச் சித்திரம் தேவைப்படவில்லை. வழங்கிவந்த வழக்கமே சின்னமாய்ப் பேசிற்று.

ஆதலின், முதலில் வழக்கத்தை நிறுவுங்கள். பிறகு படத்தைத் தெரியுங்கள். வெற்றிபெற்ற கவிதையைப் பனையோலையில் எழுத்தாணியாற் பொறித்துக் கவிஞர் கையில் அளிப்போம். ஓலை நம் தோட்டத்து வேலியோரப் பனை தருவது. பதப்படுத்தும் முறையை அறிந்த முதியோரிடம் இளைஞர் கற்கட்டும். அப்பொழுது இரண்டாவது படம் அலங்காரமாக இராது, சான்றாகும்.

இன்னுமொன்று. அப் படத்தில் விழாவின் பெயர் ஆங்கிலத்திற் பெரிதாகவும் தமிழிற் சிறிதாகவும் இருக்கிறது. 1950 முதல் வேல்ஸ் விழாமேடையில் வேல்ஸ் மொழியே ஆள்கிறது. வருவோர் குறைவர் என்று அவர்கள் அஞ்சவில்லை. நாமேன் அஞ்ச வேண்டும்? தமிழ் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். பஸ்ஸிற் செல்பவரும் படிக்குமளவு தெளிவாக இருக்கட்டும். ஒரே நிறத்தில், இறப்பர் முத்திரையிலும் சிதையாத கோடுகளாக இருக்கட்டும். பணமில்லாத கிராமத்துக் கிளையும் அதைப் பயன்படுத்த வேண்டுமல்லவா?

ஓலை அளிக்கத் துணிவிருந்தால் ஓலையை வரையுங்கள். இல்லையேல், வெறுந் தாளே நேர்மையானது.