பக்குவம் பார்க்கிற மூக்கு



மூணாறு போய் வருகிறவர்கள் தேயிலைச் செடிகளை வேண்டிய மட்டும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கொழுந்து தூளாகிற இடத்துக்குள் நுழைந்தவர்கள் குறைவு. நுழைந்தவர்களும் இயந்திரச் சத்தத்துக்குப் பயந்து, கால்மணி நேரத்தில் வெளியே வந்து, ஏலக்காய் டீ பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

பார்ப்பதற்கு நல்ல இடம் கொழுக்குமலை. இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். மேலே போகும் வழியைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காக. முதுகெலும்பை எண்ணிப் பார்த்துக்கொண்டே ஏறினால், நம்மை அறியாமல் எல்லை தாண்டித் தேனி மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, வண்டிப் பாதை கேரளத்தில் இருக்கிறது. 7000 அடிக்கு மேலே, 1930-களில் எழுந்த ஒரு தொழிற்சாலை இன்னும், இலையை உருட்டிச் செய்யும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் தேயிலை செய்கிறது. உலகிலேயே உயரமான தோட்டம் என்கிறார்கள். அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. சூரிய உதயம் பார்க்க வருகிற கூட்டம், உதயம் முடிந்ததும் பசியோடு இறங்கிவிடுகிறது. கொஞ்சம் பொறுத்திருந்து தொழிற்சாலைக்குள் போங்கள்.

முதல் வேலை வாட்டுவது. பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பரப்பி, காற்று விட்டு, இரவு முழுக்க வாட்டுகிறார்கள். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்துக்கு வெங்காற்றும் வேண்டியிருக்கும். கோடையில் வெறும் காற்றே போதும். எத்தனை மணி நேரம் என்று கேட்டால், பக்குவம் பார்க்கிற டீமேக்கர் சிரிப்பார். பன்னிரண்டும் ஆகும், பதினெட்டும் ஆகும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கொழுந்தைப் பார்ப்பதுதான் அதிகம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, விரலைத் திறக்கிறார். பட்டென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. உருண்டையாக நின்று மெள்ள அவிழ்ந்தால் சரி. காம்பை வளைத்தால் ஒடியக் கூடாது, துவள வேண்டும். இந்தக் கைப்பிடிச் சோதனையைப் பார்க்காமல் வந்தால் தொழிற்சாலையைப் பார்த்ததாகவே சொல்ல மாட்டேன்.

பிறகு உருட்டுவது. பித்தளை விளிம்புகள் பதித்த வட்ட மேடைமேல் ஓர் உருளைப் பெட்டி சுற்றிச் சுற்றி வரும். உள்ளே கொழுந்து முறுக்கிக்கொண்டு சாறு கசியும். அங்கிருந்து எடுத்து, குளிர்ந்த அறையில் மெல்லிய படுகையாகப் பரப்பி வைக்கிறார்கள். காற்றுப் பட்டதும் சாறு நிறம் மாறத் தொடங்குகிறது. அரிந்து வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அதே வேதிவினைதான். பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறது. புல் வாசனை விலகி, பழுத்த பழத்தின் வாசனை எழுகிறது. டீமேக்கர் குனிந்து முகர்கிறார், போகிறார், திரும்ப வந்து முகர்கிறார். பத்து நிமிடம் முந்தினால் கோப்பையில் பச்சை வாடையும் கடுப்பும். பிந்தினால் சாயம் இருக்கும், உயிர் இருக்காது. உச்சத்துக்குச் சற்று முன்னாலேயே அடுப்புக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் சூடு ஏறும் வரை உள்ளே மாற்றம் நிற்பதில்லை. இந்தக் கலையின் சாரமே நிறுத்தத் தெரிவதுதான். அதைச் செய்கிற கருவி மனிதனின் மூக்கு.

உலர்த்தி முடித்தால் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் நிற்கும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கியிருக்கும். சல்லடைப் பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பளியில் உரசி மின்னேற்றிய உருளைகள், தூளை விட்டுவிட்டு நார்த் துணுக்குகளை மட்டும் மேலே இழுத்துக்கொள்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போனால் அங்கே நிறுத்துங்கள். டஸ்ட் தேயிலை தரையில் கூட்டி அள்ளியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சல்லடையில் கடைசியாக விழும் நுண்ணிய துகள், அவ்வளவுதான். நம் ஊர் டீக்கடைப் பால் டீக்கு அந்த வேகமும் கடுமையும் வேண்டும்.

அந்த டீக்கடைத் தூள் பெரும்பாலும் சி.டி.சி. முறையில் வருவது. 1930-இல் அசாமில் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கிய இயந்திரம். பல்லுள்ள இரண்டு எஃகு உருளைகள், ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு வேகத்தில், எதிரெதிராகச் சுற்றி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இதைச் செய்து காட்டுகிறார்கள். சி.டி.சி.யை மட்டமாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கேயும் வாட்டமும் மூக்கும் தவறினால் தூள் தவறுகிறது. ஆனால் வேகம் கூடியதால், பார்க்க வருகிறவருக்குப் பக்குவம் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் கொழுக்குமலையை முதலில் சொன்னேன். அருங்காட்சியகத்தில் இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். 1913-இல் நம் நாசரேத் கலைத்தொழிற் பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் அங்கே இருக்கிறது.

இந்த மலைக்கும் நம் சமவெளிக்கும் தொடர்பு பழையது. குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள், கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொழுந்தெடுக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பேத்திகள் இன்றும் அங்கேதான் கூடை சுமக்கிறார்கள். அந்தப் பெண்கள்தான் 2015 செப்டம்பரில், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூணாறில் சாலையை மறித்து உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் கதையை வாட்டுவதிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் ஒரு படி முன்னே போய், இன்றைய கொழுந்து கையால் கிள்ளியதா, கத்தரியால் வெட்டியதா என்று கேளுங்கள். முற்றிய இலையும் தண்டும் கலந்து வந்தால் எந்த டீமேக்கரின் மூக்கும் அதைக் காப்பாற்றாது.

கடைசியில் கோப்பையில் தருவார்கள். பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், உறிஞ்சும் சத்தத்துக்கு வெட்கப்படாமல் குடியுங்கள். வாய்க்குள் காற்றும் சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். சுவை பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நெம்மாறை, போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதித் தோட்டங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் திங்கட்கிழமை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கொழுந்து எடுப்பதில்லை, அதனால் திங்களன்று உருட்ட ஒன்றும் இருக்காது. மூணாறு அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. செவ்வாய்க்குப் பிறகு, காலையிலேயே போய்விடுங்கள்.