வந்தவர் யாருடைய ஆள்?

(தலவாக்கலையில் பெற்றோரும் ஆசிரியரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நுவரெலியா வலயத்துக்காயினும் அட்டன் வலயத்துக்காயினும் புதிய கல்விப் பணிப்பாளர் ஒருவர் நியமனம் பெற்றார் என்ற செய்தி மலையேறி வந்ததும் நம் ஊர்களில் என்ன நடைபெறுகிறது என்பதை நாம் அறிவோம். முதல் நாள் மாலையுடன் ஒரு கூட்டம் புறப்படுகிறது. மறுநாள் மகஜருடன் இன்னொரு கூட்டம் புறப்படுகிறது. மூன்றாம் நாள், மாலை கொண்டு போனவர்களே மகஜர் எழுத உட்காருகின்றனர். தேநீர்க் கடையில் கேட்கப்படும் முதற் கேள்வி, அவர் எத்தனை ஆண்டு பணி செய்தவர், எந்தப் பாடசாலையை உயர்த்திக் காட்டியவர் என்பதன்று. "வந்தவர் யாருடைய ஆள்?" என்பதே. எந்தத் தொழிற்சங்கத்தின் ஆள், எந்த மந்திரியின் ஆள், மலையகத்தவரா வடக்கத்தியவரா, தமிழரா சிங்களவரா என்று அந்தக் கேள்வி கிளை விட்டுக்கொண்டே போகும்.

இந்தக் கேள்வியை ஏளனம் செய்ய நாம் இங்கே வரவில்லை. ஏளனம் செய்வது எளிது. கொழும்பில் இருந்துகொண்டு பலர் அதைச் செய்கின்றனர். ஆனால் நம் மக்கள் காரணமில்லாமலா இப்படிக் கேட்கின்றனர்? அந்தக் காரணத்துக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயது.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தைப் பெரியோர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கும் பொறுப்பை அந்தச் சட்டம் எவரிடம் ஒப்படைத்தது? கல்வி கற்றவரிடமா? ஆசிரியரிடமா? இல்லை, தோட்டத்துத் துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளை பள்ளிக்குப் போனால் ஒரு கூலி குறைகிறதே என்று கணக்குப் பார்ப்பவரிடமே பள்ளியின் சாவியையும் கொடுத்தது. லயத்தின் ஓர் ஓரத்தில் ஓர் அறை. அதில் ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியரும் பல தோட்டங்களில் பாதி நாள் வாத்தியார், மீதி நாள் கணக்கெழுதுபவர். துரை விரும்பினால் பள்ளி நடந்தது. விரும்பாவிட்டால் அறையில் உரமூட்டை அடுக்கப்பட்டது. அந்நாளில் வித்தியாதரிசி ஒருவர் எப்போதாவது வந்து போனதுண்டு. அவரும் துரையின் பங்களாவில் தேநீர் அருந்திய பின்னரே பள்ளியின் பக்கம் திரும்பினார் என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள்.

1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டது. 1947இல் இந்தத் தலவாக்கலைத் தொகுதி மக்கள், தங்களுள் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த இரண்டே ஆண்டுகளில் குடியுரிமைச் சட்டமும் வாக்குரிமைத் திருத்தமும் வந்து, அனுப்பிய கைகளிலிருந்தே வாக்குச் சீட்டைப் பறித்தன. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதல், தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. அதே 1977இல், மே மாதத்தில்தான், நிலம் பறிபோகாமல் காக்க எழுந்த போராட்டத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்.

ஆகவே, பதில் சொல்ல வேண்டிய கல்வி அதிகாரி ஒருவர் நமக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐம்பதாண்டுக் கதைதான். அதற்கு முந்திய எழுபதாண்டுகள் நாம் கற்ற பாடம், எதுவும் துரையின் தயவால் கிடைக்கும், தயவைப் பெறத் துரைக்கு வேண்டியவரைப் பிடிக்க வேண்டும் என்பதே. துரை போனார்; பழக்கம் போகவில்லை. பணிப்பாளரின் நாற்காலியில் நம் மக்கள் இன்றும் துரையைத்தான் காண்கின்றனர். அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களிலும் சிலர் அப்படியே தம்மைக் கருதிக்கொண்டனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, இந்தப் பழக்கத்தால் நாம் இழப்பது என்ன என்று பாருங்கள்.

"இணைப்பு" என்ற சொல்லை இங்குள்ள ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காக விளக்குகிறோம். ஒரு தோட்டப் பாடசாலையை எண்ணிக்கொள்ளுங்கள். பிரதான வீதியிலிருந்து நான்கு மைல் மேலே. ஒரு நாளைக்கு இரண்டு பஸ். மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்தப் பாடசாலையின் இடாப்பில் ஒன்பது ஆசிரியர்கள். ஆனால் நீங்கள் போய்ப் பார்த்தால் வகுப்பறைகளில் நிற்பவர் ஆறு பேர். மற்ற மூவர் எங்கே? ஒருவருக்கு உடல்நலக் காரணம், ஒருவருக்குக் குடும்பக் காரணம், ஒருவருக்குக் காரணமே எழுதப்படவில்லை. மூவரும் தற்காலிக இணைப்பில் நகரப் பாடசாலைக்குப் போய்விட்டனர். தற்காலிகம் என்பது மூன்று மாதம் என்று தொடங்கி மூன்றாண்டாகிவிட்டது. சம்பளம் இந்தப் பள்ளியின் கணக்கில், பாடம் அந்தப் பள்ளியில். மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் இந்தப் பள்ளிக்கு ஒன்பது பேர் இருக்கின்றனர் அல்லவா? அதனால் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லையென்றால் புதியவர் வருவதும் இல்லை. பள்ளியில் ஆள் இல்லை, கடுதாசியில் குறை இல்லை! போனவர் கணித ஆசிரியராயின், அந்தப் பள்ளியில் கணிதம் என்ற பாடமே நேரசூசியில் மட்டும் வாழும்.

இப்படிப்பட்ட இணைப்புக்கு வலயக் காரியாலயத்தில் ஒரு கையெழுத்துப் போதும். அந்தக் கையெழுத்தைப் பெறத்தான் "யாருடைய ஆள்" என்ற கேள்வி பயன்படுகிறது. சங்கத் தலைவரின் கடிதம் போகிறது, அரசியல்வாதியின் தொலைபேசி போகிறது, கையெழுத்து வருகிறது. கடிதம் வாங்கிச் சென்றவர் யார்? பெரும்பாலும் நம்மவரே. நம் வீட்டுப் பெண் ஆசிரியையாகிவிட்டாள், அவளுக்கு நகரத்தில் இடம் வேண்டும் என்று படித்த தகப்பன் அலைகிறார். மேட்டு லயத்தில் கணித ஆசிரியரில்லாமல் இருக்கும் பிள்ளைக்காக அலைய யார் இருக்கிறார்கள்? கொழுந்து பறிக்கும் தாய்க்கு வலயக் காரியாலயம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியாது. புதிய பணிப்பாளர் "நம் ஆள்" என்று நகரம் மகிழும்போது அந்தத் தாய்க்கு அதில் மகிழ என்ன இருக்கிறது என்பதை உத்தியோகம் பார்க்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பணிப்பாளரால் ஆகாத காரியங்களும் உண்டு. புதிய ஆசிரியரை அவர் படைக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. ஆசிரிய நியமனமும் ஆளணியும் மாகாணத்திலும் கொழும்பிலும் தீர்மானிக்கப்படுகின்றன. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது; அதன் பின் பல ஆண்டுகள் தேர்தலே நடைபெறாமல், மக்கள் தேர்ந்தெடுக்காத ஆளுநரின் கையில் நிருவாகம் சென்றது. வாக்குக் கேட்டு வராதவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? உயர்தர விஞ்ஞான வகுப்புடைய 1 ஏபி பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் போதவில்லை என்ற குறையும் ஒரு பணிப்பாளரால் ஓராண்டில் தீர்வதன்று. பத்தனையில் ஜெர்மானிய உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது, மலையகத்துக்கு மலையகத்திலேயே ஆசிரியர் உருவாக வேண்டும் என்ற எண்ணத்தில். அதில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதற்கே நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டையொட்டி மூவாயிரம் பேர் வரையில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளராக எடுக்கப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6000 ரூபா. பின்னர் 10,000 ரூபா. ஓர் இளைஞன் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் கொடுத்த பின் அதில் என்ன மிஞ்சும்? இவற்றுக்கெல்லாம் வலயப் பணிப்பாளரைத் திட்டுவது, மழை பெய்யாததற்கு வாய்க்கால்காரனைத் திட்டுவது போன்றது. வாய்க்காலில் வந்த தண்ணீர் எந்த வயலுக்குப் போயிற்று என்பதை மட்டும் அவரிடம் கேட்கலாம். கட்டாயம் கேட்க வேண்டும்.

அவர் தமிழரா சிங்களவரா என்ற கேள்விக்கு வருவோம். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: நுவரெலியா, அட்டன், கொத்மலை, வலப்பனை, அங்குராங்கெத்தை. எல்லா வலயங்களிலும் தமிழ்ப் பணிப்பாளர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வர வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. ஆனால் தமிழ்ப் பாடசாலையைச் சோதிக்க வருபவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ்க் கொப்பியைத் தாமே எடுத்துப் படிக்கக் கூடியவராக இருக்க வேண்டும். அல்லது படித்துச் சொல்லும் அதிகாரி ஒருவர் உரிய பதவியுடன் அவர் அருகில் இருக்க வேண்டும். அதே 13ஆவது திருத்தம்தான் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பின்னும் தமிழ் அதிபருக்குச் சிங்களத்தில் சுற்றறிக்கை வந்தால், அதை மொழிபெயர்க்க அவர் ஊரில் ஆள் தேட வேண்டியிருந்தால், அது சலுகை கேட்கும் விடயமன்று. சட்டம் மீறப்பட்ட விடயம்.

வடக்கத்தியவரா மலையகத்தவரா என்ற பேச்சிலும் நியாயம் இரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, குளிரில் ஓர் அறையில் தங்கி, நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனவர்கள் இருந்தனர். 1983 ஜூலையின் பின் உயிருக்கு அஞ்சிப் போனவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். முதல் நியமனத்துக்கு மட்டும் மலைக்கு வந்து, இடமாற்றம் கிடைத்த அன்றே பஸ் ஏறியவர்களும் இருந்தனர். மலையகத்திலேயே பிறந்து, பதவி கிடைத்த பின் லயத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்களும் இருக்கின்றனர். பிறந்த ஊரைக் கேட்பதை விட, எத்தனை பள்ளிக்கு நடந்து போனார் என்று கேட்பது நமக்கு உதவும்.

கடல் கடந்து ஒன்று பாருங்கள். அமெரிக்காவின் பல ஊர்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்விச் சபையே கல்வி மாவட்டத்தின் தலைமை அதிகாரியை நியமிக்கிறது. சபையின் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். அங்கும் கட்சிச் சண்டை உண்டு, கூச்சல் உண்டு. ஆயினும் கேள்வி திறந்த மண்டபத்தில் கேட்கப்படுகிறது. இன்னும் நமக்கு நெருங்கிய உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. 1954இல் காமராசர் முதலமைச்சரான ஆண்டில் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநரானார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊரார் அரிசி கொடுத்தனர், விறகு கொடுத்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன; ஊரார் முன்வந்து பள்ளிக்குக் கட்டடமும் மேசையும் பெட்டியும் கொடுத்தனர். ஓர் அதிகாரி ஊரைத் தேடிப் போனார், ஊர் எழுந்து வந்தது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அங்கே அரசாங்கமும் தன் பங்கை வைத்தது. அரசாங்கத்தின் பங்கை ஒழித்துவிட்டு ஊரின் பையை மட்டும் நாடுவது வேறு.

மரக்கறி செய்யும் நண்பர்களிடம் இதைச் சிறப்பாகச் சொல்கிறோம். உங்களிடம் லொறி இருக்கிறது. நேரத்தை உங்கள் விருப்பப்படி ஒதுக்க முடிகிறது. எவருடைய பிரட்டுக்களத்திலும் நீங்கள் காலையில் நிற்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளி கேட்க அஞ்சுவதை நீங்கள் அஞ்சாமல் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் வராமல் இருந்தால், அங்கே தலையாட்ட மட்டும் ஆள் இருக்கும். பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் நிலம் என்று எத்தனை காலமாகப் பேசுகிறோம்! எல்லை அளந்து வேலி போடும் வேலையை அறிந்தவர்கள் நீங்கள்தாமே?

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதே தலவாக்கலையில், சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. எந்த மண்ணில் எந்தச் செடி, எப்போது கவ்வாத்து, எவ்வளவு உரம் என்று ஒரு நூற்றாண்டாக அளந்து எழுதி வைத்திருக்கின்றனர். செடிக்குக் கணக்கு இருக்கிறது. எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு இன்று ஆசிரியர் நிற்கிறார் என்ற கணக்கைப் பெற்றோர் பார்க்க முடிவதில்லை.

அதனால் புதிய பணிப்பாளர் எவராயினும் அவரிடம் கொடுப்பதற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அதில் வரவேற்பும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. இணைப்பில் உள்ள ஆசிரியர் ஒவ்வொருவரின் பாடமும், எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு, எந்தத் திகதி வரை என்பதும் எழுதிய பட்டியலை வலயக் காரியாலயத்தின் அறிவித்தற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் தவணைதோறும் ஒட்ட வேண்டும் என்று கேட்கிறோம். பெயர் வேண்டாம்; பாடமும் பள்ளியும் போதும். ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஓராண்டுக்குள் ஒருமுறையாவது அவர் நேரில் வந்து பெற்றோருடன் பேச வேண்டும். பெற்றோர் வேலை முடிந்து வரக்கூடிய நேரமாக, மாலை நான்கு மணிக்குப் பின் வர வேண்டும். தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் வர வேண்டும். இவ்வளவுதான். இவற்றுள் எதற்கும் மாகாணத்தின் அனுமதியோ கொழும்பின் பணமோ தேவையில்லை. அவர் மனம் வைத்தால் நாளையே செய்யலாம்.

பிரதிகள் வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் இருக்கின்றன. எந்தச் சங்கத்தின் பெயரும் அதில் இல்லை. சங்கத் தலைவர்கள் கையெழுத்திட விரும்பினால் பெற்றோர் என்ற முறையில் இடலாம். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார் பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் மாணவர் எழுதித் தருவார். பெருவிரல் வைக்க மையும் உண்டு. மேல் தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் ஆறு மணிக்கு, அதற்குள் முடித்துவிடுவோம்.