மந்திரமும் வரம்பும்



பத்தாண்டு நிறைவு விழாவில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் கவிஞர்களிடையே எழுந்த புன்முறுவலைக் கண்டேன். பொறுத்தருள்க. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஆடுபவர் பல நாள் வீரராகவோ மந்திரவாதியாகவோ வாழ்கிறார். அங்குள்ள மந்திரம் அவரைக் கதைக்குள் எவ்வாறு இருத்திவைக்கிறது என்பதே என் பொருள்.

நாம் அறிந்த கூத்திலிருந்தே தொடங்குகிறேன். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களின் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதம் பார்த்தவர்கள் இங்கு பலர். குந்திக்கு அளித்த வாக்கின்படி கர்ணன் நாகாத்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடமாட்டான். கடைசி வரிசைப் பாட்டிக்கும் இது தெரியும். தெரிந்திருப்பதனால்தான், கண்ணன் தேரை அழுத்த, கணை முடியை மட்டும் கொண்டுபோகையில் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். கர்ணனிடம் நூறு நாகாத்திரம் இருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பாள்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்', தாளும் பகடையும் கொண்டு ஆடப்படுவது. அதன் தொடக்கப் பதிப்புகளில் மனனம் செய்த மந்திரம் ஒருமுறை ஏவியதும் நினைவிலிருந்து அழிந்தது. ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து எடுத்த கருத்து அது. பரசுராமர் சாபத்தை அறிந்த நமக்குப் புதிதன்று! அந்த வழியில் 2023இல் வந்த கணினி விளையாட்டு 'பால்டர்ஸ் கேட் 3'. அதில் மந்திரம் மறப்பதில்லை; ஏவும் வாய்ப்புகள் எண்ணப்பட்டவை. தீர்ந்தால், பெரும்பாலும் பாசறையில் உணவைச் செலவிட்டு ஓய்வெடுத்தே மீட்கவேண்டும்.

விடுமுறைக்கு வந்த என் மகன் இதை ஆடுவதைப் பல இரவுகள் அருகிருந்து பார்த்தேன். ஒரே ஒரு வாய்ப்பு எஞ்சிய வேளைகளில் நான் அழைத்தது அவன் காதில் விழவில்லை, தோசை ஆறியது. பின்னர் இணையத்தில் கிடைத்த மாற்றுநிரல் ஒன்றால் வரம்பை நீக்கிக்கொண்டான். பகைவர் வைக்கோலாய் எரிந்தனர். மூன்றாம் நாள் விளையாட்டையே மூடிவிட்டான்.

மந்திரம் என்றால் மருட்கையை எதிர்பார்க்கிறோம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என அதற்கு நான்கு நிலைக்களன் வகுத்தது மெய்ப்பாட்டியல். திரையின் ஓரத்தில் எண்ணிக்கை காட்டும் மந்திரத்தில் முதல் தீப்பிழம்பு புதுமை, பத்தாவது வழக்கம். என் மகனை இருத்திவைத்தது மருட்கையன்று, அச்சம்: கையிருப்புத் தீர்ந்துவிடுமோ என்னும் அச்சம். வரம்பு போனதும் அச்சம் போயிற்று. அவனும் வெளியே வந்துவிட்டான்.

மருட்கைக்கு அங்கே இடமே இல்லையா? 1992இல் வந்த 'அல்டிமா அண்டர்வேர்ல்டு' விளையாட்டில் ஆடுபவர் எழுத்துக்கற்களைத் தேடிச் சேர்க்கவேண்டும். 'இன்' என்றால் ஆக்குதல், 'லோர்' என்றால் ஒளி. இரண்டையும் சேர்த்தால் இருட்குகையில் வெளிச்சம் பிறக்கும். கையேடு சொல்லாத சேர்க்கைகளும் சில பலித்தன. எது பலிக்கும் என்று அறியாமல் சொல்லோடு சொல்லை வைத்துப் பார்க்கும் அந்தக் கணத்தை இந்த அவைக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மந்திரத்துக்குத் தொல்காப்பியர் இலக்கணம் சொன்னதும் செய்யுளியலில்தான்.