ஊர்க் கணக்கும் நம் கடமையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



தெல்தெனியவில் கூடிப் பேசும் நாம் பழைய தெல்தெனியவை மறந்து பேச இயலாது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்காக அந்தப் பழைய நகரம் நீருக்குள் போயிற்று. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. வீடும் வேலியும் மூழ்கிய பின்னர், “இது என் நிலம்” என்பதற்கு எஞ்சும் சாட்சி எது? அலுவலகத்து ஏடுதான். அந்த ஏட்டின் அருமையை நம் ஊருக்கு வேறெவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொதுக் கணக்கைக் கேட்பது நம் மரபுக்குப் புதிதுமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்க் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு ஆள் தெரியும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அங்குள்ள விதி. அவ்விதியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. வருவோர் போவோர் எல்லாரும் காணக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அந்த அறம் இன்று நம் நாட்டில் சட்டமாகவும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையும் அதற்குக் கட்டுப்பட்டதே. பாதை போட்ட செலவு, ஒப்பந்தம், கூட்டக் குறிப்பு ஆகியவற்றை எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். பிறருடைய அந்தரங்கம் போன்ற சில விடயங்களுக்கு விலக்கு உண்டு. வீணே மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

மலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இது மிகவும் வேண்டியது. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2018ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டது. கதவு திறந்தாயிற்று, அதன் வழியே என்ன வந்தது என்று நாம் கேட்டோமா?

“எல்லாம் சிங்களத்தில் இருக்குமே” என்பீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, நாம் பார்வையிட உரிமையுள்ள ஏட்டின் பிரதியை அல்லது மொழிபெயர்ப்பைத் தமிழிலே பெற வழி செய்திருக்கிறது.

“அதிகாரியைப் பகைத்துக்கொள்ளலாமா?” என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். நாளைக்கும் ஒரு கையெழுத்துக்காக அதே வாசலில்தான் நிற்க வேண்டும். ஆனால் சட்டம் இதற்கும் வழி விட்டிருக்கிறது. உறுப்பினரில் முக்காற் பங்கினரேனும் பிரஜைகளாய் இருப்பின், ஒரு சங்கமே தன் பெயரில் தகவல் கேட்கலாம். தனியொருவர் கேட்கத் தயங்குவதைச் சங்கம் கேட்கட்டும். அதுவும் பகைமையாக வேண்டாம். வணக்கத்தோடு கேட்போம், விடாமல் கேட்போம். நேர்மையாக உழைக்கும் அலுவலருக்கு அது துணையாகவே அமையும்.

வாலிப நண்பர்களே! கோயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது தொண்டு. எழுதத் தெரியாத ஒரு முதியவர் அருகில் அமர்ந்து அவருடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் தொண்டே. மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்குவோம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை, கேட்பவர் எவராயினும் அவர் முன் விரித்து வைப்போம். பிறரிடம் கணக்குக் கேட்கும் தகுதி அதன் பின்னரே நமக்கு வரும்.