உப்பளத்துச் சினேகிதமும் புத்தக ருசியும்

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளத் தோழர்களின் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)

தலைவரவர்களே! தாய்மார்களே! தோழர்களே!

இன்று நம்மைப் பேச அழைத்தவர்கள் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, பழைய சினேகிதர்களோடு கழித்த நாட்களைப் பற்றியும், அவரவர் ஆசையோடு படித்த புத்தகங்களைப் பற்றியும் பேச வேண்டுமாம். வழக்கமாக நம்மை மேடையேற்றுகிறவர்கள் ஜாதியைப் பற்றிப் பேசு, சடங்கைப் பற்றிப் பேசு, புராணத்தைப் பற்றிப் பேசு என்பார்கள். நாமும் பிறருடைய குற்றங் குறைகளை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவோம். இன்று நம்மைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டதால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஏனெனில், பிறர் குற்றத்தைச் சொல்வது சுலபம்; நம் குற்றத்தைச் சொல்வது கஷ்டம். பழைய நாட்களைப் பேசப் புகுந்தால் அதையும் சொல்லியே தீரவேண்டும்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று ஒரு பழமொழி உண்டு. இதைப் பண்ணையாரும் முதலாளியும் நமக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தோழர்களே! உப்பிட்டவர் யார்? பாத்தியை மிதித்துப் பதப்படுத்தியவர் யார்? வெயிலில் கண் கூச நின்று பலகையால் உப்பை வாரியவர் யார்? தலையில் கூடை சுமந்து அம்பாரத்தில் கொட்டியவர் யார்? அவர்களல்லவா உலகத்துக்கே உப்பிட்டவர்கள்? ஆகவே பழமொழியின்படியே பார்த்தாலும் இன்று நாம் நினைக்க வேண்டியது நம்மோடு அளத்தில் நின்ற சினேகிதர்களைத்தான்.

மழைக்காலத்துப் பள்ளிக்கூடம்

உப்பளத்து வேலை எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்து அளத்தில் இறங்கினால் புரட்டாசி வரையில் வெயிலே நமக்குச் சோறு போடும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியும் தண்ணீர், பானையும் தண்ணீர். அந்த இரண்டு மூன்று மாதம் கூலியில்லை, கடன்தான் உண்டு. 1970களில் நாமும் நம் சினேகிதர்கள் ஏழெட்டுப் பேரும் வாலிபர்களாயிருந்த காலத்தில், அந்த வேலையற்ற மாதங்களில்தான் நமக்குப் படிப்பு நடந்தது. பள்ளிக்கூடம் எதுவென்றால் ஒரு டீக்கடை; ஆசனம் எதுவென்றால் ஒரு மரப்பெஞ்சு. பத்திரிகை ஒன்று, படிப்பவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர்.

இது நாம் கண்டுபிடித்த வழியல்ல. 1925 மே 2ந் தேதி ஈரோட்டில் "குடி அரசு" தோன்றிய நாள்முதல் நமக்கு முந்தின தலைமுறையினர் ஊரூராய் இப்படித்தான் படித்தார்கள். டீக்கடையிலும் சவரக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சிங்காரவேலர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளும், 1931ல் தமிழில் வந்த சமதர்ம அறிக்கையும், தோழர் ஜீவா மொழிபெயர்த்த பகத்சிங்கின் நாத்திக விளக்கமும், அம்பேத்கரின் ஜாதி ஒழிப்புச் சொற்பொழிவும் கையெழுத்துப் போடத் தெரியாத பாமர மக்கள் காதில் விழுந்தது இந்த வழியாகத்தான்.

ஆளுக்கு ஒரு ருசி

இனி, நம் சினேகிதர்களின் ருசியைச் சொல்லுகிறோம். ஒரு தோழருக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல் ஒன்று பழைய கடையில் அகப்பட்டால் அன்று அவருக்குச் சோறு வேண்டாம். மற்றொருவருக்கு வெளிநாட்டுச் சேதி. வியட்நாம் யுத்தம் எந்த ஊர்வரை வந்திருக்கிறதென்று மரக்காணத்துப் பெஞ்சிலிருந்து கணக்குச் சொல்வார். நமக்கோ தர்க்கப் புத்தகம். கேள்வியும் மறுப்புமாய் இருந்தால்தான் இனிக்கும்.

மூன்றாவது தோழர் ஒருவருக்கு எழுத்தே தெரியாது. ஆனால் நம் எல்லோரையும் விட நல்ல வாசகர் அவர்தான் என்போம். கண்ணால் படித்த நாம் வரியைத் தாண்டிப் போய்விடுவோம், காதால் படித்த அவர் "நிறுத்து, அதெப்படி?" என்று கேட்பார். "குடி அரசு" 1935லேயே கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக் கொண்டபோது, "எழுத்தில் சிக்கல் குறைந்ததாமே, இனி நானும் ஒரு கை பார்க்கிறேன்" என்று சொல்லி, நாற்பது வயதுக்கு மேல் ஸ்லேட்டுப் பிடித்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கடல் தண்ணீர் ஆயிரம் பங்கில் சுமார் 35 பங்கு உப்புச் சத்து. வெயிலில் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் தங்கும். சுமார் 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு உப்புப் பூக்கும். மிஞ்சுகிற கசப்பு நீரை வடிக்காவிட்டால் உப்புக் கசந்து நசநசக்கும் என்ற சங்கதிகளைப் படித்தோம். கேட்டிருந்த எழுத்தறியாத தோழர் துள்ளி எழுந்து, "இது நான் தினம் செய்கிற வேலையல்லவா! நான் செய்வதைத்தான் இவன் எழுதி வைத்திருக்கிறான்" என்றார். அது வரையில், பூசை போட்டு இறங்கினால்தான் உப்புப் பூக்கும் என்று நம்பியவர் அவர். "பூசை போட்ட பாத்தியிலும் 25 டிகிரிதான், போடாத பாத்தியிலும் 25 டிகிரிதான்" என்று மறுநாள் அவரே நமக்குப் பிரசங்கம் செய்தார். நாம் பத்து வருஷம் பேசிச் செய்ய முடியாததை ஒரு பாடப் புத்தகத்தின் இரண்டு பக்கம் செய்துவிட்டது.

நாம் செய்த குற்றம்

இனிமேல்தான் சங்கடமான பாகம் வருகிறது. நம் கூட்டத்தில் மற்றொரு தோழர் இருந்தார். அவர் கையில் எப்போதும் ஒரே புத்தகம். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் உப்புக் கறை படிந்து போன புத்தகம். ஒரு மழை நாளில் அவர் அதை எடுத்ததும் நாம் எல்லோரும் சேர்ந்து பரியாசம் செய்தோம். "விஞ்ஞானம் படிக்கிற இடத்தில் ஒப்பாரியா?" என்றோம். "கிழவிகள் அழுகிற புத்தகத்துக்கு மீசை எதற்கு?" என்றும் ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் யாரோ அல்ல; நாமேதான். அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மடியில் செருகிக் கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு அந்தப் பெஞ்சுக்கு அவர் வரவேயில்லை. அளத்தில் பக்கத்துப் பாத்தியில் நின்றாலும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருஷங்கள் கழித்து அவர் இறந்து போன செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய தங்கை ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணன் எழுத்துப் படித்ததே அந்தப் புத்தகத்துக்காகத்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்க ஆசைப்பட்டார்கள். கூலியில்லாத மாதத்தில் ராத்திரி ராத்திரி படித்துக் காட்டும்" என்றார். தோழர்களே! அந்த இடத்தில் நமக்கு இருந்த வெட்கம் இன்றளவும் போகவில்லை. எழுத்தறியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தவர்கள் நாம். அதை ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டில் செய்தவரை விரட்டியடித்தவர்களும் நாம். இதுவா பகுத்தறிவு?

அந்தக் கதையில் என்ன இருக்கிறது?

பின்னால்தான் அந்தப் புத்தகத்தை நாம் ஒழுங்காகப் படித்தோம். பஞ்சம் வந்து, ஏழு பிள்ளைகளோடு ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிறாள். அவள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். இதைக் கேட்டுத் தமிழ்நாட்டுப் பெண்கள் அழுதது கிணற்றுக்காக மட்டுமல்ல. பசி அவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

நம் ஊர்க் கண்ணெதிரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர் வந்து இதே மரக்காணத்தில் முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் சென்னையின் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பல லட்சம் பேரைக் கொண்டு போன பஞ்சத்தில், வயிற்றுக்கு இல்லாத ஜனங்கள் மண் சுமந்து வெட்டியது. நம் உப்பும் ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில்தான் படகேறிப் போயிற்று. நல்லதங்காள்களின் பிள்ளைகள்தான் அந்த மண்ணைச் சுமந்தவர்கள்.

அந்தக் கதை எல்லாவற்றுக்கும் விதியின் மேல் பழி போடுகிறது. அதை நாம் ஒப்புக் கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக் கொள்ள மாட்டோம். ஆனால் அன்று அந்தத் தோழரைப் பரியாசம் செய்யாமல் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "ஏனப்பா, அந்த வீடு அவள் தகப்பன் வீடுதானே? அவள் அண்ணியிடம் பிச்சை கேட்பானேன்? அவளுக்கு அதில் ஏன் பங்கில்லை?" என்று கேட்டிருந்தால், அந்த ஒப்பாரிப் புத்தகமே எப்பேர்ப்பட்ட பிரசாரப் புத்தகமாகியிருக்கும்! 1929 பிப்ரவரியில், இங்கிருந்து அதிக தூரமில்லாத செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டமானது 1989ல். இந்தியா முழுமைக்கும் ஆனது 2005ல். செங்கல்பட்டுத் தீர்மானம் கேட்டது என்னவோ அதையேதான் நல்லதங்காளின் கண்ணீரும் கேட்டது. நமக்குத்தான் காது இல்லை.

ஆகவே, மட்டமான புத்தகம் என்று ஒன்றைத் தள்ளுவதில் பெருமையில்லை. எந்தப் புத்தகமானாலும் "ஏன்?" என்று கேட்டுக் கொண்டு படிப்பதே பகுத்தறிவு. புத்தகத்தைக் கண்டிக்கலாம், படிக்கிறவனை அவமதிக்கக் கூடாது. அவனுக்கும் சுயமரியாதை உண்டென்பதை மறந்தால் நாம் அந்தப் பேரைச் சொல்லிக் கொள்ள யோக்கியதையற்றவர்களாவோம்.

பெஞ்சில் இல்லாதவர்கள்

மற்றொரு குற்றமும் உண்டு. அளத்து வேலையில் கூடை சுமப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்! ஆனால் நம் பெஞ்சில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்ததுண்டா? "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தை நாம் அந்தக் கடையில் உரக்கப் படித்தோம். கேட்டவர்கள் இருபது பேரும் ஆண்கள். அந்த நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் ஈர விறகை ஊதிக் கொண்டிருந்தார்கள். இதில் உள்ள வேடிக்கை அன்று நம் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றும் பாருங்கள், ஆரம்பத்தில் தாய்மார்களே என்று வாய் நிறைய அழைத்தோம். நான்கைந்து பேர் வாசற்படிக்கு வெளியேதான் நிற்கிறார்கள்!

உப்பளத்தானுக்குப் புத்தகம் எதற்கு, அவனுக்கு அந்த ருசி கிடையாது என்று சொல்லுகிற கனவான்கள் உண்டு. ருசி என்பது பிறவியில் வருவதா? தின்னக் கிடைத்தால்தானே நாக்குக்கு ருசி தெரியும்! 1931ல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். உழவர்கள் வாங்கிப் படித்தார்கள். அதே வருஷத்தில் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கேற்ற புத்தகம் உண்டென்பதை நூலகக் கலையின் விதிகளில் ஒன்றாகவே எழுதி வைத்தார். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஆகவே படிப்பகத்தில் கிடைக்கும் புத்தகம் யாரும் போடும் பிச்சையல்ல. உங்கள் வரிப்பணத்தில் வந்த உங்கள் சொத்து.

இன்னொன்று. அந்தப் பழைய பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் என்ன ஜாதி என்று நாம் கேட்டதில்லை. என்ன படிக்கிறாய் என்றுதான் கேட்டோம். 2013 ஏப்ரலில் இதே மரக்காணத்தில் ஜாதியின் பேரால் கலவரம் நடந்து வீடுகள் எரிந்தபோது, அப்படிப்பட்ட பெஞ்சுகள் தெருவுக்கு ஒன்று இல்லாமல் போயிற்றே என்றுதான் நமக்கு முதலில் தோன்றியது.

ஆதலால் தோழர்களே! நாம் கேட்டுக் கொள்வது அதிகமில்லை. வருகிற மழைக்காலத்தில் இங்கே தினம் ஒரு மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஆளுக்கு ஒரு நாள். அவரவர் விரும்பும் புத்தகம். துப்பறியும் கதையானாலும் சரி, நல்லதங்காளானாலும் சரி, சிரிக்காமல் கேளுங்கள். கேட்ட பிறகு விடாமல் கேள்வி கேளுங்கள். படிப்பவர்களில் பாதிப் பேர் பெண்களாயிருக்கட்டும். அதை நாளைக்கு என்று தள்ள வேண்டாம். வெளியே நிற்கிற தாய்மார்கள் இப்போதே உள்ளே வரலாம்; முன் பெஞ்சில் இருக்கிற நாம் எழுந்து இடம் கொடுக்கிறோம்.

எழுந்து போன அந்த ஒரு தோழரை நாம் இனித் திரும்ப அழைக்க முடியாது. இனி ஒருவர் அப்படி எழுந்து போகாமல் பார்த்துக் கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.